ஒரே ராத்திரியில் சிவந்த கை: புற்றுநோய் திரும்பிவிட்டதா?

கேள்வி: எனக்கு 56 வயது. நான்கு வருடங்களுக்கு முன் இடது மார்பகப் புற்றுநோய்க்காக, அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அந்தக் கை எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். போன வாரம் ஒரு ராத்திரி குளிர்காய்ச்சல் வந்தது. காலையில் கையும் மார்பின் ஓரமும் சிவந்து சுட்டன. ஐந்து நாட்களாக ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறேன். காய்ச்சல் நின்றுவிட்டது, சிவப்பு பாதி குறைந்திருக்கிறது. புற்றுநோய் திரும்பிவிட்டதா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், செல்லுலைட்டிஸ் எனப்படும் பாக்டீரியா தொற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரே ராத்திரியில் காய்ச்சலோடு வந்திருக்கிறது, மருந்துக்கும் அடங்குகிறது. தோலில் திரும்பும் புற்றுநோய் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெதுவாகப் பரவும். காய்ச்சல் இருக்காது.

நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டால் கையிலிருந்து நிணநீர் சரியாக வடியாது. தேங்கிய இடத்தில் கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் குறைவு. நகக்கண்ணில் ஒரு கீறல், காய் நறுக்கும்போது ஒரு வெட்டு, கொசுக்கடியைச் சொறிந்த புண் என எதுவும் கிருமிக்கு வாசலாகிவிடும். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் இப்போதே பரிசோதியுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். புற்றுநோய்ச் செல்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைத்தாலும் அச்சு அசல் தொற்று மாதிரியே சிவக்கும். அதைத் தொற்று என்று நினைத்து மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து மாதங்களை வீணடிப்பதும் நடக்கிறது. எனவே மருந்து முடிந்தும் சிவப்பு மிஞ்சினாலோ, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்தாலோ, தொட்டால் தட்டுப்படும் சிறு முடிச்சுகள் வந்தாலோ, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் போய் தோல் பயாப்ஸி கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துண்டு எடுப்பார்கள். சந்தேகம் அதில்தான் தீரும். வெறும் கண்ணால் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது, நானும்தான்.

காய்ச்சல் நின்றதென்று மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினாலோ காய்ச்சல் திரும்பினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு தடவவே வேண்டாம். சிவப்பை மறைத்துவிடும், தொற்று உள்ளே வளரும்.

வலியும் சூடும் அடங்கும்வரை கையை நீவிவிட வேண்டாம். அப்புறம் தினமும் ஈரப்பத க்ரீம், பாத்திரம் தேய்க்கவும் செடி வேலைக்கும் கையுறை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி வந்தால், குறைந்த அளவு பெனிசிலினை நீண்ட நாள் கொடுப்பதும் உண்டு. அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.