சின்னனா ஒரு நியூஸ்குரூப் சேர்வர் போட எங்கயிருந்து தொடங்கிறது?

தம்பி, யாழ்ப்பாணத்தில உங்கட வாசிகசாலை ஆக்கள் இருவது பேருக்கு பழைய கொம்பியூட்டரில நியூஸ்குரூப், அதாவது தலைப்பு வாரியா பதிவு எழுதி வாசிக்கிற பலகை, போடலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள், தாராளமா போடலாம், வெறும் எழுத்துத்தானே, பெரிய மெசின் தேவையே இல்லை.

டெபியன் எண்ட லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, நியூஸ் சேர்வரை ஓட்டுற ஐஎன்என்2 (inn2) பக்கேஜை இறக்குங்கோ. 1992ல வந்த சொப்ட்வெயர், இண்டைக்கும் நல்லா ஓடுது. யூஸ்நெட் எண்ட உலகளாவிய நியூஸ்குரூப் வலையமைப்போட இப்ப இணைக்காதேங்கோ, முதல்ல உள்ளுக்கு மட்டும் ஓடட்டும்.

நான் கவனமா இருக்கச் சொல்லுற இடம் ரீடர்ஸ் டொட் கொன்ஃப் (readers.conf) எண்ட ஃபைல், ஆர் வாசிக்கலாம் ஆர் எழுதலாம் எண்டு தீர்மானிக்கிறது அதுதான், அவசரத்தில எல்லாருக்கும் திறந்து விட்டா கண்டவனும் ஸ்பாம் கொட்டுவான், பிறகு உங்கட சேர்வரை ஒருத்தரும் நம்ப மாட்டினம். பாஸ்வேர்ட் வையுங்கோ, வெளியில இருந்து வாறவைக்கு வழமையான 119 போர்ட் (இணைப்பு வாசல்) வேண்டாம், குறியாக்கத்தோட வாற 563 குடுங்கோ.

குரூப் உருவாக்கிறது சிடிஎல்-இன்ட் (ctlinnd) கட்டளையால, கடைசியில எம் (m) போட்டா மொடரேட்டர் பாத்துத்தான் பதிவு வெளிவரும். அறிவித்தல் குரூப்புக்கு அது நல்லம், அரட்டைக்கு வேண்டாம், சனம் எழுதிறதையே விட்டிடும்.

பழைய பதிவு எத்தினை நாள் நிக்கோணும் எண்டது எக்ஸ்பயர் டொட் சிடிஎல் (expire.ctl) எண்ட ஃபைலில. கரண்ட் போனா வந்த பதிவுகளின்ர கணக்கை வைச்சிருக்கிற ஹிஸ்டரி ஃபைல் பழுதாகலாம், சின்ன யூபிஎஸ் ஒண்டு கட்டாயம் வாங்குங்கோ. அப்பிடியும் பழுதானா மேக்ஹிஸ்டரி (makehistory) எண்ட கட்டளையை ஓடவிட்டுத் திரும்பக் கட்டலாம். வாசிக்கிற ஆக்களுக்கு தண்டர்பேர்ட் எண்ட மெயில் சொப்ட்வெயர் காணும், அதில நியூஸ்குரூப்பும் வாசிக்கலாம்.