ஆப் எதுவும் போடாமல் ஆண்ட்ராய்டு போன் திரையைச் சத்தத்தோடு பதிவு செய்வது எப்படி?

ஆண்ட்ராய்டு போனில் தனியாக ஓர் ஆப் போடாமலே திரையில் நடப்பதை வீடியோவாக எடுக்க முடியுமா, சத்தமும் அதில் சேர்ந்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், சத்தமும் வரும். உங்கள் போன் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் அந்த வசதி ஏற்கெனவே உள்ளே இருக்கும். 2020 செப்டம்பரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து ஸ்கிரீன் ரெக்கார்டர் ஆண்ட்ராய்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. எந்தப் பதிப்பு என்று தெரியவில்லையா? செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போனால் தெரியும்.

திரையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரலால் கீழே இழுங்கள். வைஃபை, புளூடூத், டார்ச் எல்லாம் வரிசையாக இருக்கும் பலகை முழுசாக விரியும். அதில் 'ஸ்கிரீன் ரெக்கார்டு' அல்லது 'ஸ்கிரீன் ரெக்கார்டர்' என்று ஓர் ஐகான் இருக்கும். முதல் பக்கத்தில் இல்லையென்றால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் பென்சில் ஐகானைத் தொடுங்கள். பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஐகான்கள் கீழே தெரியும். அதிலிருந்து ரெக்கார்டரை விரலால் பிடித்து மேலே இழுத்துப் போட்டுவிட்டால் இனி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பலர் "என் போனில் இல்லை" என்று சொல்வது இந்த ஒதுக்குப் பகுதியைப் பார்க்காததால்தான்.

சாம்சங்கில் இது கொஞ்சம் முன்பே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 10-ஐ ஒட்டி வந்த ஒன் யூஐ 2-லேயே, அதாவது ஆண்ட்ராய்டு மேல் சாம்சங் போடும் அதன் சொந்த மென்பொருளிலேயே, எஸ்10 போன்ற மாடல்களுக்குக் கிடைத்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இருக்காது. சாம்சங்கில் வீடியோவின் தரம், சத்தம் எல்லாவற்றையும் மாற்ற செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு பீச்சர்ஸ்' பகுதிக்குள் போக வேண்டும். ஷாவ்மி, ரெட்மி போன்களில் ரெக்கார்டர் தனி ஆப் போலவே, பெரும்பாலும் 'டூல்ஸ்' என்ற போல்டருக்குள் இருக்கும். அதுவும் போனோடு வந்ததுதான், நீங்கள் எதையும் இறக்க வேண்டியதில்லை.

சரி, ஐகானைத் தொட்டதும் பதிவு உடனே ஓடிவிடாது. சின்னதாக ஒரு பெட்டி வரும். சத்தத்தைப் பதிவு செய்யவா, திரையில் தொடும் இடங்களைக் காட்டவா என்று கேட்கும். அவசரத்தில் எல்லோரும் நேராக 'ஸ்டார்ட்' மீது கை வைத்துவிடுகிறார்கள். "சத்தமே வரவில்லை" என்ற புகார் பிறக்கும் இடம் இதுதான். இந்தப் பெட்டியில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

சத்தத்துக்கு இங்கே பொதுவாக மூன்று வழி இருக்கும். ஒன்று 'டிவைஸ் ஆடியோ', அதாவது போனுக்குள் ஓடும் வீடியோ, விளையாட்டு ஆகியவற்றின் சத்தம். இரண்டாவது 'மைக்ரோபோன்', நீங்கள் பேசுவதும் உங்களைச் சுற்றிக் கேட்பதும். மூன்றாவது இரண்டும் சேர்ந்தது. டிவைஸ் ஆடியோவுக்குச் சாம்சங்கில் 'மீடியா சவுண்ட்ஸ்', ஷாவ்மியில் 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' என்று பெயர்தான் மாறும். எல்லா போனிலும் மூன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது, சிலவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

எதை எப்போது வைப்பது? விளையாட்டையோ ஓர் ஆப்பில் வரும் கோளாறையோ காட்டுவதற்கு டிவைஸ் ஆடியோ மட்டும் போதும். அறையில் மின்விசிறி ஓடினாலும் யாராவது பேசினாலும் பதிவில் விழாது. யாருக்காவது ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால் மைக் வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் ஹெட்செட் மாட்டிக்கொள்ளுங்கள், இது முக்கியம். மாட்டாவிட்டால் ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மைக்கும் பிடிக்கும், உள்ளிருந்து நேராகவும் அதே சத்தம் வரும், இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எதிரொலி போலக் கேட்கும். அதை அப்புறம் எந்த எடிட்டராலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது.

எல்லாம் சரியாக வைத்தும் சில ஆப்களின் சத்தம் மட்டும் வராமல் போகலாம். உங்கள் போனில் பழுது என்று நினைக்க வேண்டாம். போனுக்குள் ஓடும் சத்தத்தை இன்னொரு ஆப் பதிவு செய்யும் வழியே 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோதுதான் திறந்தது. அதற்கு முன்பு ஸ்பீக்கரில் வருவதை மைக் மூலம் பிடிப்பதுதான் பலருக்கும் இருந்த ஒரே வழி. அப்படித் திறந்தபோதே "என் சத்தத்தை யாரும் எடுக்கக் கூடாது" என்று மறுக்கும் உரிமையையும் ஒவ்வோர் ஆப்புக்கும் கொடுத்துவிட்டார்கள். மறுத்த ஆப்பின் சத்தம் பதிவில் மௌனமாகத்தான் இருக்கும்.

அழைப்புகளுக்கும் இதே கதிதான். வாட்ஸ்அப் வீடியோ காலைப் பதிவு செய்தால் படம் வருகிறது, குரல் வரவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டு 10-இல் வந்த அந்த வசதி திறந்துவிட்டது பாட்டு, வீடியோ, விளையாட்டு போன்ற சத்தங்களை மட்டும்தான். அழைப்பின் குரலை வேறு வகையாகப் பிரித்து வெளியே நிறுத்திவிட்டார்கள். அழைப்பு ஓடும்போது மைக்கும் அந்த ஆப்பின் கையில் இருப்பதால் ரெக்கார்டருக்கு உங்கள் குரல்கூடக் கிடைக்காமல் போகலாம். இந்தத் தடை இருப்பது நல்லதுதான் என்பது என் கருத்து. எதிரில் பேசுகிறவருக்குத் தெரியாமல் அவர் முகத்தையும் குரலையும் எடுத்து வைப்பது சரியில்லை. எடுக்க வேண்டிய தேவை இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

சத்தத்துக்கு அடுத்து நான் அதிகம் கவலைப்படுவது நோட்டிபிகேஷன் பற்றி. ரெக்கார்டர் திரையில் எது தெரிந்தாலும் எடுத்துக்கொள்ளும். ஓர் ஆப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று நீங்கள் காட்டிக்கொண்டிருக்கும்போது மேலே வங்கியிலிருந்து ஒரு செய்தி எட்டிப்பார்க்கும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்ற வரியும் அதில் இருக்கும். இரண்டு விநாடியில் மறைந்துவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள், ஆனால் வீடியோவில் நிறுத்திப் பார்ப்பவருக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். ஓடிபி, வீட்டில் ஒருவர் அனுப்பும் சொந்த விஷயம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் இப்படித்தான் வெளியே போகின்றன.

அதனால் பதிவைத் தொடங்குமுன் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுங்கள். ஆனால் அதைப் போட்டாலே போதும் என்று இருந்துவிடக் கூடாது. பல போன்களில் அது ஒலியை மட்டும்தான் நிறுத்தும், செய்தி திரையில் எட்டிப்பார்ப்பது நிற்காது. அதன் செட்டிங்ஸுக்குள் போனால் நோட்டிபிகேஷனைக் கண்ணிலும் காட்டாதே என்று சொல்லும் தேர்வு இருக்கும். அதையும் போட வேண்டும். சொல்லித்தரும் விஷயத்துக்கு இணையம் தேவையில்லை என்றால் ஏரோபிளேன் மோடு போடுவது இதைவிடச் சுலபம்.

புதிய போன்களில் இதற்கு இன்னும் நல்ல வழி வந்திருக்கிறது. கூகுளின் பிக்சல் போன்களில் 2024 தொடக்கத்திலிருந்து, முழுத் திரையையும் எடுக்கவா, ஒரே ஓர் ஆப்பை மட்டும் எடுக்கவா என்று அந்தப் பெட்டியிலேயே கேட்கும். ஒரே ஆப் என்று சொன்னால் மேலே வந்து விழும் நோட்டிபிகேஷன், நீங்கள் இடையில் திறக்கும் வேறு ஆப் எதுவும் பதிவில் வராது. உங்கள் போனில் அந்தத் தேர்வு இருந்தால் யோசிக்காமல் அதையே வையுங்கள்.

'ஷோ டச்சஸ்' என்ற தேர்வு, அதாவது விரல் படும் இடத்தில் ஒரு புள்ளியைக் காட்டுவது, பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் சொல்லித்தரும் வீடியோவுக்கு உயிரே அதுதான். என் பெரியப்பாவுக்குப் போனில் ஏதாவது சந்தேகம் வந்தால் இப்படி வீடியோ எடுத்துத்தான் அனுப்புகிறேன். புள்ளி இல்லாத வீடியோவைப் பார்த்துவிட்டு, "நீ எங்கேப்பா அமுக்குனே? திரை தானா மாறிடுச்சே" என்று கேட்பார். நியாயமான கேள்வி, அவருக்கு என் விரல் தெரியாதே. புள்ளி இருந்தால் அந்தக் கேள்வியே வராது. தொடுவதற்கு முன் "இப்போ மேலே வலது பக்கம் மூணு புள்ளி இருக்குல்ல, அதை" என்று வாயாலும் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் தொட்டால் அவர் நிறுத்தாமல் கூடவே செய்துவிடுவார். நமக்குப் பழகிய வேகம் பார்ப்பவருக்குக் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அதே புள்ளி உங்களைக் காட்டியும் கொடுக்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது பெட்டியில் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிகின்றன என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பல போன்களில் கீபோர்டில் ஒவ்வோர் எழுத்தும் துள்ளிக் காட்டும், கடைசியாக அடித்த எழுத்து ஒரு கணம் அப்படியே தெரியும். லாகின் செய்யும் பகுதியை முடித்துவிட்டு அதன் பிறகு பதிவைத் தொடங்குவதே நல்லது.

வங்கி ஆப்பையோ ஓடிடி படத்தையோ எடுத்தால் அந்த இடம் மட்டும் கறுப்பாகப் போகும். ஆப்பை உருவாக்கியவர்களே தங்கள் திரையைப் பாதுகாக்கப்பட்டது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். குரோமில் இன்காக்னிட்டோ பக்கமும், அதாவது பார்த்த வரலாற்றைச் சேமிக்காத பக்கமும், இப்படித்தான். சுற்றுவழி தேட வேண்டாம். உங்கள் பணம் இருக்கும் திரையை வேறு எந்த ஆப்பும் படம் பிடிக்க முடியாமல் இருப்பதும் இதே பூட்டினால்தான்.

கிடைமட்டமாக விளையாடும் விளையாட்டு என்றால் போனைத் திருப்பி, திரையும் திரும்பிய பிறகு பதிவைத் தொடங்குங்கள். நிமிர்ந்த நிலையில் தொடங்கிவிட்டு நடுவில் திருப்பினால் பல போன்களில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் நடுவில் சின்னதாக ஒடுங்கிவிடும்.

வீடியோ எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடி வீடியோவுக்கு எவ்வளவு தரவு சேர்கிறது என்பதைப் பொறுத்தது. ஷாவ்மி போன்களில் இதை நாமே வைக்கலாம். கணக்கு சுலபம்: 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்) என்றால் விநாடிக்கு 1 எம்பி, நிமிடத்துக்கு 60 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. 16 வைத்தால் அப்படியே இரட்டிப்பு. எழுத்தும் பட்டனும் மட்டுமே காட்டுகிற வீடியோவுக்கு 8-க்கு மேல் தேவையே இல்லை. சாம்சங்கில் 1080, 720, 480 என்று தரம் கேட்கும். 480-இல் சின்ன எழுத்துகள் மங்கிவிடும், 720-க்குக் கீழே இறங்காதீர்கள்.

இவ்வளவு சொல்வதற்குப் பதில் ஸ்டோரில் நல்ல ஆப் ஒன்றைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றலாம். ஆண்ட்ராய்டு 11-க்கு மேல் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். ஐரெக்கார்டர் என்ற ஸ்கிரீன் ரெக்கார்டர் ஆப் 2021 செப்டம்பரில் கூகுள் பிளே ஸ்டோருக்கு வந்தது. அப்போது அதில் கெடுதல் எதுவும் இல்லை, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது. 2022 ஆகஸ்ட் வாக்கில் வந்த அப்டேட் ஒன்றில் உளவு பார்க்கும் நிரல் நுழைந்தது. மைக் வழியாகச் சுற்றுப்புறச் சத்தத்தைப் பதிவு செய்து வெளியே அனுப்பியதை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்டது. அதற்குள் 50,000-க்கும் அதிகமான முறை இறக்கப்பட்டிருந்தது. ஈசெட் தெரிவித்த பிறகுதான் ஸ்டோரிலிருந்து நீக்கினார்கள். ரெக்கார்டர் ஆப் மைக் அனுமதி கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, அதன் வேலையே அதுதானே. போனோடு வந்த கருவியே இருக்கும்போது அந்த அனுமதிகளை முகம் தெரியாத ஒருவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கும் பழைய போனில், தயாரிப்பாளரும் ரெக்கார்டர் கொடுக்கவில்லை என்றால், கணினியோடு கேபிளில் இணைத்து ஏடிபி கட்டளை மூலம் எடுக்கலாம். ஏடிபி என்பது கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி. ஆண்ட்ராய்டு 4.4-இலிருந்தே இது உண்டு. ஆனால் ஒரு பதிவு 3 நிமிடத்தோடு நின்றுவிடும், சத்தமும் வராது.

பதிவை நிறுத்த மேலிருந்து இழுத்து 'ஸ்டாப்' தொட்டால் போதும். சில போன்களில் திரை ஓரத்தில் மிதக்கும் பட்டன் இருக்கும். வீடியோ கேலரியில் தனி ஆல்பமாக வரும். காணவில்லை என்றால் பைல் மேனேஜரில் தேடுங்கள். பிக்சலில் 'மூவிஸ்' போல்டர், சாம்சங், ஷாவ்மி இரண்டிலும் 'டிசிஐஎம்' போல்டருக்குள். கடைசியில் நீங்கள் மேலிருந்து இழுத்து நிறுத்தும் காட்சியும் பதிவில் இருக்கும், அப்போது பழைய நோட்டிபிகேஷன் எல்லாம் வரிசையாகத் தெரியும். அந்தக் கடைசி சில விநாடிகளைக் கேலரியிலேயே வெட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

கணினியில் எடிட் செய்யும்போது குரல் முன்னே பின்னே போனால் திகைக்க வேண்டாம். இந்த ரெக்கார்டர்கள் திரை அசையாதபோது பிரேம்களை, அதாவது விநாடிக்கு எடுக்கும் படங்களைக் குறைத்துவிடும், சில எடிட்டர்களுக்கு அது ஒத்துவராது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்' வைத்து மாற்றிவிட்டு எடிட் செய்தால் சரியாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை போகும், தரம் குறையாது, திரையில் இருக்கும் சின்ன எழுத்தும் படிக்கிற மாதிரியே போய்ச் சேரும்.