மகளின் உடல் பருமனுக்கு நான்தான் காரணமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. உயரம் 136 சென்டிமீட்டர், எடை 45 கிலோ. பள்ளியில் நடந்த உடல் பரிசோதனையில் அவளுக்கு உடல் பருமன் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் ஆறு வயது மகனும் அதே வீட்டில் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறான்; அவன் ஒல்லியாக இருக்கிறான். ‘கண்டதையும் வாங்கிக் கொடுத்து நீதான் கெடுத்துவிட்டாய்’ என்கிறார் கணவர். ‘வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இப்போது அவளுக்கு மட்டும் தட்டில் அளந்து போடுகிறேன், இனிப்புகளை ஒளித்து வைக்கிறேன். தினமும் அழுகைதான். உண்மையிலேயே நான்தான் காரணமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண். உங்கள் மகளுக்கு அது 24.3. பெரியவர்களுக்கான சர்வதேச அளவுகோலில் இந்த எண் கவலைக்குரியதாகத் தெரியாது. ஆனால் குழந்தைகளுக்கு வயதையும் பாலினத்தையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி, ஒன்பது வயது நிறைந்த பெண் குழந்தைகளின் பி.எம்.ஐ. நடுமதிப்பு 16.1; ஒரு குழந்தையின் பி.எம்.ஐ. 21.5-ஐத் தாண்டினால் உடல் பருமன். எனவே பள்ளியில் எழுதிக் கொடுத்தது சரிதான். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது சில குழந்தைகளுக்குப் பொருந்தும், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, பருமனான குழந்தைகளில் ஏறக்குறைய 55 சதவீதம் பேர் வளரிளம் பருவத்திலும் பருமனாகவே இருக்கிறார்கள். பருமனான வளரிளம் பருவத்தினரில் சுமார் 80 சதவீதம் பேர் பெரியவர்களான பின்னும் அப்படியே தொடர்கிறார்கள். ஒன்பது வயது என்பது இதைக் கையில் எடுப்பதற்கு நல்ல நேரம்.

இனி உங்களை வாட்டும் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகளின் எடைக்கு நீங்கள் குற்றவாளி அல்லர். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தத்துக் கொடுக்கப்பட்டு வேறு குடும்பங்களில் வளர்ந்த 540 பேரைப் பற்றிய டென்மார்க் ஆய்வு ஒன்று 1986-இல் வெளியானது. வளர்ந்தபின் அவர்களுடைய உடல்வாகு, பெற்றவர்களின் உடல்வாகோடுதான் பொருந்திப்போனது. சோறூட்டி வளர்த்தவர்களின் உடல்வாகோடு அதற்குத் தொடர்பே காணப்படவில்லை. பிரிந்து வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்தவர்களும் பின்னர் இதே திசையைத்தான் சுட்டினார்கள். பசி எவ்வளவு வேகமாக எழுகிறது, வயிறு நிறைந்துவிட்டது என்ற உணர்வு எப்போது வருகிறது, உணவைப் பார்த்ததும் ஆசை எவ்வளவு கிளர்கிறது என்பவையெல்லாம் பெருமளவு பிறவியிலேயே வருபவை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கும் மரபணுக்கள் ஒன்றல்ல. உங்கள் மகன் பாதித் தட்டிலேயே ‘போதும்’ என்று எழுந்துவிடுவான். உங்கள் மகளின் மூளைக்கு அந்தச் செய்தி தாமதமாகவே போய்ச் சேரும். அதை அவளுடைய பேராசை என்றோ உங்களுடைய வளர்ப்புக் குறை என்றோ சொல்வது நியாயமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கவும் முடியாது. 1990-இல் உலகம் முழுவதும் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 2 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. 2022-இல் அது 8 சதவீதம், அதாவது சுமார் 16 கோடிப் பேர். முப்பது ஆண்டுகளில் மனித மரபணு மாறிவிடாது. மாறியது குழந்தைகளைச் சுற்றியுள்ள உலகம். சர்க்கரை கலந்த பானங்களும் பாக்கெட் தின்பண்டங்களும் எட்டும் தூரத்திற்கு வந்தன, அவற்றின் விளம்பரங்கள் குழந்தைகளைக் குறிவைத்தன, விளையாட்டுக்குரிய நேரத்தைத் திரைகள் எடுத்துக்கொண்டன. குழந்தைகளுக்கான உணவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே அரசுகளுக்குப் பரிந்துரைத்தது. மெக்சிகோ 2014 முதல் சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதித்தது. சிலி 2016-இல் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. ஒரு தாய் கண்டிப்பாக இருந்தால் தீர்ந்துவிடும் பிரச்சினையாக இருந்திருந்தால், அரசுகள் இவ்வளவு தூரம் வரத் தேவையே இருந்திருக்காது.

அப்படியானால் பெற்றோரின் பொறுப்புதான் என்ன? வீட்டுக்குள் எந்த உணவு வருகிறது, அது எந்த நேரத்தில் பரிமாறப்படுகிறது, எங்கே உட்கார்ந்து சாப்பிடப்படுகிறது என்ற மூன்றும் முழுக்க முழுக்கப் பெற்றோர் கையில் இருப்பவை. ஒன்பது வயதுக் குழந்தையிடம் அந்த முடிவுகளை விடக்கூடாது. மாறாக, பரிமாறிய உணவில் எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் வயிறு சொல்ல வேண்டியது. இப்போது உங்கள் வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறானது. இனிப்பு வீட்டுக்குள் வருகிறது, ஒளித்து வைக்கப்படுகிறது, மகளின் தட்டு மட்டும் அளக்கப்படுகிறது. அக்கறையில்தான் இப்படிச் செய்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் இது பலன் தராது என்பதோடு, எதிர்விளைவையும் உண்டாக்கக்கூடியது. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளின் கண்ணில் படும்படி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு, அதை எடுப்பதற்கு மட்டும் கட்டுப்பாடு விதித்தார்கள். ஏறக்குறைய அதே போன்ற வேறொரு தின்பண்டம் தாராளமாகக் கிடைத்தபோதும், குழந்தைகளின் பேச்சும் கேட்பும் ஏக்கமும் தடை விதிக்கப்பட்டதைச் சுற்றியே இருந்தன. வீட்டில் இருக்கிறது, தம்பிக்குக் கிடைக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்று அறிந்த குழந்தை, வாய்ப்புக் கிடைக்கும்போது பசி இல்லாவிட்டாலும் சாப்பிடும். அதையும் மறைத்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும்.

ஆகவே ஒளித்து வைப்பதை நிறுத்திவிட்டு, வாங்கி வைப்பதை நிறுத்துங்கள். வீட்டில் இல்லாத பொருளுக்காகத் தினமும் போராட வேண்டியதில்லை. விழா நாளிலோ வெளியே போகும்போதோ இனிப்புக் கிடைத்தால், அவளும் எல்லோரோடும் சேர்ந்து, குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிடட்டும். முதல் மாற்றமாகப் பானங்களை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 330 மில்லி கோலா பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு அது 40 கிராமும் 20 கிராமும் ஆகும். ஒரே ஒரு பானத்தில் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வயிறு நிறைந்த உணர்வோ வருவதில்லை. வீட்டிலேயே பிழிந்த பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். பழத்தைப் பழமாகவே கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர். உணவு நேரங்களையும் மாலைச் சிற்றுண்டி நேரத்தையும் நிலையாக வைத்துக்கொண்டு, இடையில் கொறிப்பதைத் தவிர்த்து, டி.வி.யும் செல்போனும் இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். காய்கறியும் பருப்பு வகைகளும் தட்டில் கூடட்டும். அதன் பிறகும் அவள் இன்னொரு முறை கேட்டால், சற்றுப் பொறுத்து, பசி இருந்தால் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்கள் கடினமாக இருக்கும்.

இந்த மாற்றம் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒல்லியாக இருக்கிறான் என்பதற்காக மகனுக்குத் தனியாகத் தின்பண்டம் வாங்காதீர்கள். சர்க்கரையால் பற்களும் கல்லீரலும் கெடுவது ஒல்லியான குழந்தைக்கும் உண்டு. உங்கள் கணவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். 1998-இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில், 6 முதல் 11 வயது வரையிலான பருமனான குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு நேரடியாக ஆலோசனை வழங்கினார்கள். மற்றொரு பகுதியினரின் விஷயத்தில் குழந்தைகளை அழைக்கவே இல்லை, பெற்றோரை மட்டும் பயிற்றுவித்தார்கள். எடை நன்றாகக் குறைந்தது இரண்டாவது குழுவில்தான். பெற்றோர் என்று நான் சொல்வது இருவரையும் சேர்த்துத்தான். கடைக்குப் போகிறவர், சமைக்கிறவர், இரவு தாமதமாக வரும்போது கையில் ஏதேனும் வாங்கி வருகிறவர், அழுகிற குழந்தைக்கு மிட்டாய் நீட்டும் பெரியவர் எல்லோரும் ஒரே முடிவில் நிற்காவிட்டால், தாய் ஒருத்தி மட்டும் பொல்லாதவளாகிவிடுவாள். குற்றம் சாட்டுவதில் செலவாகும் நேரத்தில் கணவர் மகளோடு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வரலாம்.

இன்னொன்றையும் மன வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. பரிசோதனை அறையில், குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ‘இவள் எப்படி ஊதியிருக்கிறாள் பாருங்கள்’ என்று தொடங்கும் பெற்றோர் பலர். அந்த நொடியில் குழந்தையின் முகம் மாறுவதை அவர்கள் கவனிப்பதில்லை. வீட்டாரின் எடைக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் பின்னாளில் கட்டுப்பாடின்றி உண்பதும், பட்டினி கிடப்பதும், எடை மேலும் கூடுவதும் அதிகம் காணப்படுவதாக வளரிளம் பருவத்தினரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, டயட் இருக்கச் சொல்வதையும் வீட்டில் எடையைப் பற்றிப் பேசுவதையும் தவிர்க்கும்படியும், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதை ஊக்குவிக்கும்படியும் கேட்டுக்கொண்டது. எனவே ‘குண்டு’ என்ற சொல்லும், தம்பியோடு ஒப்பிடுவதும், உறவினர் முன் எடையைப் பேசுவதும் இன்றோடு நிற்கட்டும். உங்கள் உடலை நீங்களே குறை சொல்லிக்கொள்வதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டு, அப்படி இருந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள். அதுவும் உங்கள் பொறுப்பில் அடங்கும்.

தூக்கமும் விளையாட்டும் நீங்கள் அறிந்தவைதான். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாடுவதும் தேவை. படுக்கை அறையில் செல்போன் வேண்டாம். உடற்பயிற்சியைத் தண்டனையாக்காமல், அவளுக்குப் பிடித்த ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

எடையைக் குறைக்க வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். இந்த வயதில் பல குழந்தைகளுக்கு எடை குறைய வேண்டிய அவசியமே இல்லை, ஏறாமல் நின்றால் போதும். அடுத்த ஒரு வருடத்தில் உங்கள் மகள் 6 சென்டிமீட்டர் வளர்ந்து, எடை இதே 45 கிலோவில் நின்றால், பி.எம்.ஐ. 22.3 ஆகிவிடும். பத்து வயதுப் பெண் குழந்தைகளுக்கு உடல் பருமனின் எல்லைக்கோடு 22.6. அதாவது ஒரு கிலோவும் குறையாமலே அவள் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவாள். எடை இரண்டொரு கிலோ கூடினால்கூட, போகும் திசை சரியாக இருந்தால் போதும். பட்டினி, உணவு வேளையைத் தவிர்ப்பது, விளம்பரங்களில் வரும் எடைக்குறைப்புப் பொடிகள் எதுவும் வளரும் குழந்தைக்குக் கூடாது.

சில பெற்றோர், இதைக் குழந்தைப் புறக்கணிப்பு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி மருத்துவரிடம் வருவதையே தள்ளிப்போடுகிறார்கள். குழந்தை பருமனாக இருப்பது மட்டுமே பெற்றோரின் புறக்கணிப்புக்குச் சான்றாகாது. எடை குறையாமல் போவதும் ஆகாது. ஆபத்து தெரிந்த பிறகும் வழங்கப்படும் உதவியைத் தொடர்ந்து மறுப்பதும், சிகிச்சைக்கு வராமலிருப்பதும்தான் கவலைக்குரியவை என்று பிரிட்டனைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர்கள் சிலர் 2010-இல் தெளிவாக எழுதினார்கள். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். கேட்டு எழுதியிருக்கும் நீங்கள் அந்த இடத்தில் இல்லை.

குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் அவளை ஒருமுறை காட்டுங்கள். உயரம் வயதுக்குக் குறைவாக இருந்துகொண்டு எடை மட்டும் கூடினால் தைராய்டு போன்ற ஹார்மோன் குறைபாடுகளைத் தேட வேண்டும். உங்கள் மகளின் உயரம் சராசரிக்கு மேல் இருப்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு. இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருத்தல், இரவில் பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும், பகலில் தூங்கி வழிதல், அடிக்கடி தாகமும் சிறுநீரும், ஓயாத தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இடுப்பிலோ முழங்காலிலோ வலியோடு அவள் நொண்டி நடந்தால் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவும் நிலை எடை கூடிய பிள்ளைகளிடம் வரக்கூடியது, அதற்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும். வீட்டில் தினமும் எடை பார்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் உயரத்தையும் எடையையும் சேர்த்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகும்போது அவளுடைய பழைய தடுப்பூசி அட்டையிலும் பள்ளிப் பதிவுகளிலும் உள்ள எடை, உயரக் குறிப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த வயதில் எடை ஏறத் தொடங்கியது என்பதை மருத்துவர் அவற்றிலிருந்து அறிந்துகொள்வார்.