‘அனுமதி இல்லை’ என்கிறது கிளவுட்: யாரைக் கேட்பது?

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். படங்களை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பினால் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு ‘யூ நீட் ஆக்சஸ்’ என்று வருகிறது. எல்லோருக்கும் அனுப்பியது ஒரே லிங்க்தான். (ஸ்டூடியோ உரிமையாளர், கும்பகோணம்)

பதில்: லிங்க் ஒன்றுதான். திறப்பவர் எந்தக் கணக்கில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் டிரைவ் முடிவு செய்கிறது. புதிதாக உருவாக்கும் ஃபோல்டர் ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலையில் இருக்கும். ‘காப்பி லிங்க்’ அமுக்கினால் முகவரி நகலாகுமே தவிர அனுமதி மாறாது. நீங்கள் மாப்பிள்ளையின் ஜிமெயிலை மட்டும் சேர்த்திருப்பீர்கள், அவர் லிங்க்கை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார். சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் திறக்காது.

மாப்பிள்ளைக்கே திறக்காமல் போவதும் உண்டு. ஒரே பிரவுசரில் ஆபீஸ் கணக்கும் சொந்தக் கணக்கும் திறந்திருந்தால், முதலில் லாகின் செய்த கணக்கில்தான் லிங்க் திறக்கும். அந்தத் திரையில் எந்த மெயில் முகவரி காட்டுகிறது என்று பார்த்து, ‘ஸ்விட்ச் அக்கவுண்ட்’ கொடுக்கச் சொல்லுங்கள். ‘ரிக்வெஸ்ட் ஆக்சஸ்’ அமுக்கினால் தவறான கணக்கின் பெயரில் உங்களுக்கு மெயில் வரும், குழப்பம்தான் கூடும்.

எல்லோரும் பார்க்கட்டும் என்றால்: ஃபோல்டரில் ரைட் கிளிக், ‘ஷேர்’, கீழே ‘ஜெனரல் ஆக்சஸ்’ என்ற இடத்தில் ‘எனிஒன் வித் த லிங்க்’, பக்கத்தில் ‘வியூவர்’. ‘எடிட்டர்’ தரவே தராதீர்கள். தந்தால், லிங்க் கிடைத்த யார் வேண்டுமானாலும் படங்களை அங்கிருந்து நீக்கிவிட முடியும். அனுப்பும் முன் இன்காக்னிடோ ஜன்னலில், லாகின் இல்லாமல், நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் கணக்கிலேயே சோதித்தால் எப்போதும் திறக்கும், அந்தச் சோதனையால் பயனில்லை.

‘எனிஒன்’ என்ற தேர்வே காணோம் என்றால், நீங்கள் பயன்படுத்துவது நிறுவன வொர்க்ஸ்பேஸ் கணக்கு, வெளியாட்களுக்குப் பகிர்வதை அட்மின் பூட்டியிருக்கிறார் என்று பொருள். அதை அவர்தான் திறக்க வேண்டும். படம் தெரிகிறது, டவுன்லோடு ஆகவில்லை என்றால் ஷேர் பெட்டியின் பல்சக்கர ஐகானுக்குள் டவுன்லோடு அனுமதி டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். முழு ஃபோல்டரையும் ஒரே அடியாக இறக்கினால் சுமார் 2 ஜிபி அளவிலான பல ஜிப் துண்டுகளாக வரும். ஒன்று பாதியில் நின்றாலும் சில படங்கள் குறையும். அதனால் முகூர்த்தம், வரவேற்பு என்று சின்னச் சின்ன ஃபோல்டராகப் பிரித்து வையுங்கள். வாடிக்கையாளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டதும் மறக்காமல் ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலைக்கு மாற்றுங்கள். ஃபார்வர்டு ஆன லிங்க் எங்கெங்கே சுற்றும் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: காசு கட்டி 100 ஜிபி வாங்கினேன். இன்னமும் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்கிறது, மெயில்கூட வரவில்லை. (ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: பெரும்பாலும் வேறு கணக்கில் வாங்கியிருப்பீர்கள். போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால், பிளே ஸ்டோரில் அந்த நேரத்தில் எது திறந்திருந்ததோ அதற்குத்தான் திட்டம் போய்ச் சேரும். பிளே ஸ்டோரின் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியை ஒவ்வொரு கணக்கிலும் மாறி மாறித் திறந்து பாருங்கள், பணம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ரத்து செய்து மறுபடி வாங்க அவசரப்பட வேண்டாம். 100 ஜிபி திட்டத்தை ஃபேமிலி குரூப் வழியாக இன்னும் 5 பேருடன் பகிரலாம். திட்டம் உள்ள கணக்கிலிருந்து உங்கள் முதன்மைக் கணக்குக்கு அழைப்பு அனுப்பி ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது. பள்ளி கொடுத்த கணக்குக்கு மட்டும் இந்த வழி எடுபடாது.

கணக்கு சரிதான் என்றால் குப்பையைப் பாருங்கள். இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏறும் படங்கள் எல்லாம் இதில் கணக்காகின்றன. 2024-லிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்துகொண்டது. குழுக்களில் வரும் வீடியோக்கள்தான் பல பேருடைய இடத்தைத் தின்கின்றன, பேக்கப் அமைப்பில் வீடியோவை நீக்கினாலே பாதிப் பாரம் குறையும். அழித்தவை ஜிமெயிலிலும் டிரைவிலும் 30 நாள், போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் 60 நாள் டிராஷில் இருக்கும், அதுவும் இடத்தைப் பிடிக்கும். டிராஷைக் காலி செய்த பிறகும் எண்ணிக்கை குறைய ஒரு நாள் வரை ஆகலாம்.

கேள்வி: புது லேப்டாப்பில் டெஸ்க்டாப் ஃபைல்கள் ஒன்டிரைவுக்குப் போய்விட்டன. 5 ஜிபி நிரம்பிவிட்டது என்று மிரட்டுகிறது. அங்கே போய் அழித்தால் இங்கேயும் காணாமல் போகிறது. (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: அழிப்பதை முதலில் நிறுத்துங்கள். அழிந்தவை ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பினில் 30 நாள் இருக்கும், மீட்டுவிடலாம். விண்டோஸ் அமைக்கும்போது ‘பேக்கப்’ இயங்கத் தொடங்கியதால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறிவிட்டன. பேக்கப் என்று பெயர் வைத்திருந்தாலும் அது நகல் எடுப்பதில்லை, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒன்டிரைவ் செட்டிங்ஸில் ‘மேனேஜ் பேக்கப்’ சென்று மூன்றையும் அணையுங்கள். உடனே டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. மேக ஐகான் போட்டவற்றை முதலில் முழுதாக இறக்கி, பிறகு பழைய இடத்துக்கு நகர்த்துங்கள்.

கேள்வி: அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல், ஒரு பக்கெட்டில் (ஃபோல்டர் போன்ற பெட்டி) எங்கள் தளத்துக்கான படங்களைப் போட்டேன். பிரவுசரில் திறந்தால் ‘403 ஆக்சஸ் டினைடு’. யூசருக்கு அட்மின் அனுமதியே கொடுத்துப் பார்த்தும் அதே கதை. (இணையதளம் செய்பவர், கோவை)

பதில்: அந்த அட்மின் அனுமதியை முதல் வேலையாகத் திரும்ப எடுங்கள். பிரவுசரில் முகவரியைத் தட்டும்போது நீங்கள் அந்த யூசர் இல்லை, பெயரில்லாத யாரோ ஒருவர். யூசருக்கு எவ்வளவு கொடுத்தாலும் அந்த ஆளுக்குப் போய்ச் சேராது.

2023 ஏப்ரல் முதல் உருவாகும் எல்லா பக்கெட்டிலும் ‘பிளாக் பப்ளிக் ஆக்சஸ்’ தானாகவே இயங்கும், ஏசிஎல் (ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக அனுமதி தரும் பழைய) முறையும் அணைந்திருக்கும். பழைய யூடியூப் பாடங்களில் வரும் ‘மேக் பப்ளிக்’ பொத்தான் அதனால்தான் வேலை செய்யாது. பூட்டைக் கழற்றுவதைவிட, பக்கெட்டை மூடியே வைத்து முன்னால் அமேசானின் விநியோகச் சேவையான கிளவுட்ஃபிரன்ட் போட்டு, ‘ஆரிஜின் ஆக்சஸ் கன்ட்ரோல்’ வழியாக அதற்கு மட்டும் படிக்க அனுமதி கொடுப்பது நல்லது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு ஃபைல் காட்டத்தான் வேண்டும் என்றால் குறிப்பிட்ட நேரம் மட்டும் திறக்கும் ‘ப்ரீசைன்டு’ லிங்க் போதும். யூசர் சாவியால் (ஆக்சஸ் கீ) உருவாக்கினால் அதிகபட்சம் 7 நாள் உயிரோடு இருக்கும். தற்காலிக ரோல் (சிறிது நேரத்துக்கு மட்டும் தரும் அனுமதி அடையாளம்) மூலம் உருவாக்கினால் அந்த ரோலின் நேரம் முடியும்போதே லிங்க்கும் முடிந்துவிடும்.

உங்கள் புரோகிராமிலிருந்தே 403 வந்தால் இந்த வரிசையில் தேடுங்கள். முதலில், கமாண்ட் லைனில் ‘கெட் காலர் ஐடென்டிட்டி’ கொடுத்து, எந்த ஆளாகப் பேசுகிறோம் என்று உறுதி செய்யுங்கள். கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய சாவி வேறொரு கணக்கைச் சேர்ந்ததாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. அடுத்து பாலிசி, அதாவது யாருக்கு என்ன அனுமதி என்று எழுதிய விதி. பட்டியல் பார்க்கும் அனுமதி பக்கெட்டின் பெயருக்குத் தர வேண்டும், ஃபைலைப் படிக்கும் அனுமதி அதே பெயருக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்த்துத் தர வேண்டும். ஒன்றை மட்டும் எழுதிவிட்டுத் தேடுபவர்கள்தான் ஏராளம். பக்கெட் கேஎம்எஸ் (அமேசானின் சாவி மேலாண்மைச் சேவை) சாவியால் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அந்தச் சாவியைப் பயன்படுத்தவும் தனி அனுமதி தேவை. சர்வர் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தாலும் 403 வரும், ஆனால் அதன் பெயர் ‘ரிக்வெஸ்ட் டைம் டூ ஸ்க்யூடு’.

பலரையும் ஏமாற்றுகிற ஒன்றும் இருக்கிறது. ஃபைலே அங்கே இல்லை, உங்களுக்குப் பட்டியல் பார்க்கும் அனுமதியும் இல்லை என்றால், எஸ்3 ‘404’ (ஃபைல் இல்லை) சொல்லாது, ‘403’ தான் சொல்லும். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைக்கூட வெளியாளிடம் காட்டக் கூடாது என்பது அதன் நோக்கம். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலே அது வேறு ஃபைல். விண்டோஸில் ஓடியது சர்வரில் ஓடாமல் போவது இதனால்தான்.

பிழைச் செய்தியையும் முழுதாகப் படியுங்கள். ‘எக்ஸ்ப்ளிசிட் டினை’ என்று இருந்தால் யாரோ எங்கோ தடுத்து எழுதியிருக்கிறார்கள், நீங்கள் எத்தனை அனுமதி சேர்த்தாலும் தடையே வெல்லும். எந்த பாலிசியும் அனுமதிக்கவில்லை என்று சொன்னால் மட்டுமே சேர்த்துப் பயன்.

கேள்வி: பழகிப் பார்க்க அமேசான் கிளவுடில் ஒரு சர்வர் எடுத்து, அன்றே ‘ஸ்டாப்’ செய்தேன். மாதாமாதம் பில் வருகிறது. கார்டை முடக்கிவிட்டால் போதுமா? (பி.இ. மாணவி, சென்னை)

பதில்: போதாது. கார்டை முடக்கினால் பணம் எடுப்பது நிற்கும், பாக்கி ஏறுவது நிற்காது. ‘ஸ்டாப்’ என்றால் சர்வரின் ஓட்டத்துக்கான கட்டணம் மட்டும் நிற்கும், அதன் டிஸ்க்குக்கு வாடகை ஓடும். எலாஸ்டிக் ஐபி (நிலையான இணைய முகவரி) எடுத்திருந்தால் அதற்கும் உண்டு. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 3.6 டாலர். சர்வரை ‘டெர்மினேட்’ செய்து, மிச்சமிருக்கும் டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்) இரண்டையும் அழித்து, எலாஸ்டிக் ஐபியை ‘ரிலீஸ்’ செய்யுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் மேலே வலப்பக்கம் ரீஜனை (சர்வர் இருக்கும் பகுதி) மாற்றிப் பாருங்கள். மும்பையில் நின்றுகொண்டு தேடினால் வர்ஜீனியாவில் ஓடுவது கண்ணில் படாது. பில் பக்கத்தில் எந்த ரீஜன், எந்தச் சேவை என்று வரிவரியாக இருக்கும், தேடலை அங்கிருந்து தொடங்குவது சுலபம்.

பட்ஜெட் அலாரம் வையுங்கள். ஆனால் அது தகவல் சொல்லும், எதையும் நிறுத்தாது. தகவலும் சில மணி நேரம் பிந்தியே வரும்.

‘பேமென்ட் ஃபெயில்டு’ என்று வந்தால் உடனே திட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாக எடுக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், 15,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக ஓடிபி இல்லாமல் எடுக்க முடியாது. பில்லிங் பக்கத்தில் கையால் கட்டினால் முடிந்துவிடும்.

கேள்வி: சப்போர்ட்டுக்கு எழுதினால் ‘மேலும் விவரம் தேவை’ என்றே பதில் வருகிறது. எப்படித்தான் எழுதுவது? (கணக்காளர், திருச்சி)

பதில்: ‘வேலை செய்யவில்லை, அவசரம்’ என்று எழுதினால் அந்தப் பதில்தான் வரும். அவர்கள் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) தேட இரண்டே பிடிமானம்: நேரமும் ரிக்வெஸ்ட் ஐடியும் (ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரப்படும் அடையாளம்). மைக்ரோசாஃப்டின் கிளவுடான அசூரில் இதை ‘கோரிலேஷன் ஐடி’ என்பார்கள், பிழைத் திரையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். நேரத்தை, அது எந்த நாட்டு நேரம் என்பதோடு எழுதுங்கள். நம் காலை 10.10 என்பது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் 4.40, வெறும் ‘பத்து மணி’ என்றால் அவர்கள் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடுவார்கள். இப்படி எழுதலாம்:

“இந்திய நேரம் காலை 10.10-க்கு, மும்பை ரீஜனில், இன்ன யூசர் இன்ன ஃபைலை ஏற்றும்போது 403. ரிக்வெஸ்ட் ஐடி இது. நேற்று மாலை வரை வேலை செய்தது. இன்று காலை பாலிசி ஒன்றை மாற்றினோம். மொபைல் டேட்டாவில் முயன்றும் இதே பிழை.”

பிழைச் செய்தியைப் படம் பிடித்து மட்டும் அனுப்பாதீர்கள், எழுத்தாகவும் ஒட்டுங்கள். படத்திலிருந்து ஐடியைத் தட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ‘ஹார்’ ஃபைல் (பிரவுசர் அனுப்பியதும் பெற்றதும் அடங்கிய பதிவு) கேட்டால் கவனம். அதில் உங்கள் லாகின் குக்கீயும் இருக்கலாம். 2023-இல் லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் சப்போர்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஹார் ஃபைல்களிலிருந்து லாகின் டோக்கன்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். தனி இன்காக்னிடோ ஜன்னலில் லாகின் செய்து, பிழையை வரவழைத்து, பதிவு செய்தவுடன் லாக் அவுட் செய்துவிட்டு அனுப்புங்கள். பாஸ்வேர்டு, ஓடிபி, ரகசியச் சாவி இவற்றை உண்மையான சப்போர்ட் கேட்காது.

அமேசானின் இலவச ‘பேசிக்’ சப்போர்ட்டில் தொழில்நுட்பக் கேள்வி கேட்க முடியாது, பில், கணக்கு பற்றிய புகார் தரலாம். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம், போலி எண்கள் ஏராளம். லாகின் செய்த கணக்கின் ‘ஹெல்ப்’ பகுதியிலிருந்தே போங்கள். போலி எண்ணில் பேசிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

நிறுவனம் பதிலே தரவில்லை, தவறான பில்லைத் திருத்த மறுக்கிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிக்கெட் எண்களையும் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வணிகத்துக்காக வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அதில் விலக்கு உண்டு, ஆகவே ஒற்றை ஆளாகக் கணக்கு எழுதுபவர் என்றால் நீங்களும் புகார் தரலாம்.