தட்டுகளின் ஓரத்தில் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

புவித்தட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அங்கே அவசரப்பட்டால் விஷயம் தப்பாகிவிடும்.

கேள்வி: தட்டுகள் உருகிய பாறைக்குழம்பின் மேல் மிதக்கின்றன என்று படித்தேன். சரிதானே சார்?

பதில்: சரியில்லை. இந்த ஒன்றை முதலில் திருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். தட்டுக்குக் கீழே இருக்கும் கவசம், அதாவது மேன்டில், கெட்டியான பாறைதான். நில அதிர்வில் கிளம்பும் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. அவை கவசம் முழுவதையும் கடந்து போகின்றன; சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் திரவமான வெளிக்கரு வந்ததும் நின்றுவிடுகின்றன. கவசம் குழம்பாக இருந்தால் இது நடக்கவே நடக்காது.

ஆனால் அது மிகுந்த சூட்டில் இருக்கும் கெட்டிப் பாறை. பனியாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும், ஆனால் மலைச்சரிவில் மெல்ல வழிந்து இறங்கும். கவசமும் அப்படித்தான், லட்சக்கணக்கான ஆண்டுகளில் நெகிழ்ந்து நகர்கிறது. அதன் மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தடிமனில் குளிர்ந்து விறைத்த பாறை இருக்கிறது. அதுதான் தட்டு.

கேள்வி: விலகும் எல்லை, இணையும் எல்லை, உரசும் எல்லை என்று மூன்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் நிலம் ஏன் இத்தனை விதமாக இருக்கிறது? இணையும் எல்லையில்தான் இமயமலையும் வருகிறது, மரியானா அகழியும் வருகிறது. குழப்பமாக இருக்கிறது.

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது. தட்டுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது பாதிக் கதைதான். எது எதைச் சந்திக்கிறது என்பதுதான் மீதி. மூன்று வகைப் படத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் அந்த மீதி விடுபட்டுப் போகிறது.

கடல்தரை பசால்ட் பாறையால் ஆனது. சுமார் 7 கிலோமீட்டர்தான் தடிமன், ஆனால் கனமானது. கண்டத்தின் மேலோடு கிரானைட் வகைப் பாறை நிறைந்தது. சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன், ஆனால் லேசானது. இப்போது மோதவிட்டுப் பாருங்கள்.

கடல்தரையும் கடல்தரையும் மோதினால், வயதில் மூத்தது கீழே போகும். வயது ஏற ஏறக் கடல்தரை குளிர்ந்து இறுகிக் கனமாகும், அதனால்தான். மரியானாவில் அமிழும் பசிபிக் தட்டின் பகுதிக்கு 15 கோடி ஆண்டுக்கு மேல் வயது. அது செங்குத்தாகச் சரிகிறது. அகழி கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழம் போகிறது. கடல்தரையும் கண்டமும் மோதினால் கடல்தரைதான் கீழே போகும். தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் அப்படித்தான் நாஸ்கா தட்டு உள்ளே போய், மேலே 7,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆண்டிஸ் மலைத்தொடர் எழுந்திருக்கிறது. கண்டமும் கண்டமும் மோதினால் இரண்டுமே லேசு. எதுவும் கவசத்துக்குள் ஆழமாக மூழ்க மறுக்கிறது. நசுங்கி, மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தடிக்கிறது. இமயமலை, திபெத் பகுதிகளுக்குக் கீழே மேலோடு 70 கிலோமீட்டர் வரை தடித்திருப்பது இதனால்தான்.

நகரும் திசை ஒன்றேதான். விளைவுதான் மூன்று விதம்.

கேள்வி: அமிழும் இடத்தில் எரிமலை வருவது உரசலால் உண்டாகும் சூட்டினால்தானே? பிறகு ஏன் எரிமலைகள் அகழியை ஒட்டி இல்லாமல் தள்ளி நிற்கின்றன?

பதில்: கேள்வியின் இரண்டாம் பாதி முதல் பாதியைத் தகர்த்துவிடுகிறது, கவனித்தீர்களா? உரசல்தான் காரணம் என்றால் உரசல் அதிகமுள்ள இடத்திலேயே எரிமலை இருக்க வேண்டும். உண்மையில் கீழே போகும் தட்டு குளிர்ந்தது. அது தன்னைச் சுற்றியுள்ள பாறையின் சூட்டைக் குறைக்கத்தான் செய்யும். குளிர்ந்த ஒன்று உள்ளே போகும் இடத்தில் பாறை உருகுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

காரணம் தண்ணீர். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்த தரை, தண்ணீரைத் தன் கனிமங்களுக்குள்ளேயே பிணைத்து வைத்திருக்கிறது. தட்டு இறங்க இறங்க அழுத்தமும் வெப்பமும் கூடி, அந்தக் கனிமங்கள் உருமாறித் தண்ணீரை விட்டுவிடுகின்றன. அந்தத் தண்ணீர் மேலே உள்ள சூடான கவசப் பாறைக்குள் ஏறுகிறது. தண்ணீர் கலந்த பாறை, உலர்ந்த பாறையைவிடப் பல நூறு டிகிரி குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்கும். மின்கம்பிகளைப் பற்றவைக்கும் ஈயக்கம்பி நினைவிருக்கிறதா? ஈயமும் வெள்ளீயமும் தனித்தனியாக உருகும் சூட்டைவிட, சரியான அளவில் கலந்தால் குறைந்த சூட்டில் உருகும். பொருள் வேறு என்றாலும் போக்கு அதேதான்.

எரிமலைகளுக்குக் கீழே பார்த்தால், அமிழும் தட்டு பெரும்பாலும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்த ஆழத்தை எட்டத் தட்டு கொஞ்சதூரம் உள்ளே போயாக வேண்டும். அதனால்தான் எரிமலை வரிசை அகழிக்கு இணையாக, ஆனால் தள்ளி நிற்கிறது. தட்டு சரிவாக இறங்கினால் தூரம் கூடும், செங்குத்தாக இறங்கினால் குறையும். அப்புறம், அதே தண்ணீர்தான் இந்த எரிமலைகளை வெடிக்கும் எரிமலைகளாகவும் ஆக்குகிறது. பிசுபிசுப்பான குழம்புக்குள் அடைபட்ட நீராவி அழுத்தம் குறைந்ததும் பீறிடும். 1883-இல் கிரகடோவா, 1980-இல் செயின்ட் ஹெலன்ஸ், 1991-இல் பினடூபோ எல்லாம் இந்த வகைதான்.

கேள்வி: இமயமலையில் ஏன் எரிமலை வரிசை இல்லை?

பதில்: முந்தைய பதில்தான். ஈரமான கடல்தரை அங்கே உள்ளே போவது நின்றுவிட்டது. கண்டங்கள் மோதுவதற்கு முன், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, நடுவில் டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் தரை அமிழ்ந்த காலத்தில் உருவான கிரானைட் பாறைகள் இன்றும் திபெத்தின் தெற்கு ஓரத்தில் நீண்டு கிடக்கின்றன. எவரெஸ்டின் உச்சியிலேயே கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறைதான் இருக்கிறது.

கேள்வி: அங்கிள், நான் ஒன்பதாம் வகுப்பு. தட்டுகள் விலகினால் நடுவில் பெரிய ஓட்டை விழாதா?

பதில்: விழாதும்மா. விலகும் வேகமும் நிரம்பும் வேகமும் ஒன்றுதான். தட்டு விலகும்போது கீழேயிருக்கும் சூடான கவசம் மேலே எழுகிறது. எழுந்து வரும்போது அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தாலே சூடான பாறையில் ஒரு பகுதி உருகிவிடும். தனியாகச் சூடேற்ற வேண்டியதே இல்லை. அந்தக் குழம்பு உறைந்து புதிய கடல்தரை ஆகிறது. உலகக் கடல்களுக்கு அடியில் இப்படி ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளமான மலைத்தொடர் ஓடுகிறது. பூமியின் மிக நீளமான மலைத்தொடர் அதுதான்; பெரும்பகுதி யார் கண்ணுக்கும் தெரியாமல் நீருக்கடியில் இருக்கிறது. ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் மட்டும் தலையை வெளியே நீட்டுகிறது.

உன்னிடம் மேரி தார்ப் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் கப்பல்கள் எடுத்து வந்த ஆழ அளவுகளை வைத்து அட்லாண்டிக் கடல்தரையை வரைந்தவர். பெண் என்பதால் அப்போது அவரை ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. எண்களை மட்டும் பார்த்து வரைந்தபோது, கடல்நடு மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். தரை பிளந்து விலகுகிறது என்பதற்கு அது அடையாளம். கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்கள் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார். பிறகு நிலநடுக்க மையங்களை அதே அளவு வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, அவை தார்ப் வரைந்த பள்ளத்தாக்கின் மேலேயே வரிசையாக விழுந்தன. ஹீசன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கேள்வி: தட்டுகளை எது நகர்த்துகிறது? நடுமலைத்தொடரில் புதிதாக வரும் குழம்பு தள்ளுவதாலா?

பதில்: தள்ளுவதைவிட இழுப்பதுதான் அதிகம். குளிர்ந்து கனத்த ஓரம் கவசத்துக்குள் மூழ்கும்போது பின்னால் உள்ள தட்டையும் சேர்த்து இழுக்கிறது. நீளமான அமிழும் ஓரங்கள் உள்ள பசிபிக் தட்டு விரைவாக நகர்கிறது. அப்படி ஓரம் அதிகம் இல்லாத யூரேசியத் தட்டு மெதுவாக நகர்கிறது.

கேள்வி: ஹவாய் பசிபிக் தட்டின் நடுவில் இருக்கிறது. அங்கே எல்லையே இல்லையே, எரிமலை எப்படி?

பதில்: எல்லாவற்றையும் எல்லையின் கணக்கில் எழுத முடியாது. ஹவாய்க்குக் கீழே கவசத்தின் ஆழத்திலிருந்து சூடான பாறை எழுகிறது. தட்டு வடமேற்காக நகர, எரிமலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து, அணைந்து, தேய்ந்து வரிசையாகின்றன. தென்கிழக்கில் உள்ளது இளையது.

கேள்வி: உரசும் எல்லையில் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை என்பது சரியா? கலிஃபோர்னியா ஒருநாள் கடலில் விழும் என்கிறார்களே?

பதில்: விழாது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கோடு சுமார் 1,300 கிலோமீட்டர் நீளம். அதன் இரு பக்கமும் ஒன்றையொன்று தாண்டிப் பக்கவாட்டில் நகர்கின்றன, அவ்வளவுதான். கோடு முழுக்க நேராக இருந்தால் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. ஆனால் கோடுகள் வளையும். வளைவில் இரு பக்கமும் நெருக்குண்டால் மலை எழும், விலகினால் நிலம் தாழும். சாக்கடல் அப்படிப் பக்கவாட்டு எல்லையில் தாழ்ந்த பள்ளம்தான். அதன் கரை கடல் மட்டத்துக்குக் கீழே 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது.

கேள்வி: ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்வு என்றால் நிலநடுக்கத்தில் ஏன் மீட்டர் கணக்கில் நகர்கிறது?

பதில்: தட்டின் உட்பகுதி சீராக நகர்கிறது. ஓரம் மட்டும் பூட்டிக்கொண்டு நிற்கும். பல பத்தாண்டுகள், பல நூற்றாண்டுகள் பாறை வில்லைப் போல வளைந்து, தாங்காதபோது ஒரேயடியாக விடுபடும். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் சில இடங்களில் வேலிகள் 6 மீட்டர்வரை விலகி நின்றன. 2011-இல் ஜப்பானின் கிழக்குக் கடற்கரையில் ஓரிடம் 5 மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்ததோடு ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தும் போனது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவை ஒட்டிய சிமெலு தீவின் வடமேற்கு முனை எழும்பியதில், பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்துபோயின. அகழிக்கு அருகே உயர்வு, உள்ளே தள்ளிப் போனால் தாழ்வு. பெரிய அமிழ்வு நிலநடுக்கங்களில் பெரும்பாலும் இந்த ஒழுங்கைக் காணலாம்.

கேள்வி: இப்போது புதிதாக ஒரு கடல் பிறப்பதை நம்மால் பார்க்க முடியுமா?

பதில்: பார்க்க முடியும், எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில். அங்கே ஆப்பிரிக்கக் கண்டம் பிளந்துகொண்டிருக்கிறது. செங்கடலும் ஏடன் வளைகுடாவும் ஏற்கெனவே அப்படிப் பிளந்தவைதான். 2005 செப்டம்பரில் சில வாரங்களுக்குள் நிலத்தடியில் குழம்பு புகுந்து, 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தைப் பிளந்தது. அதிகபட்சமாக 8 மீட்டர்வரை விலகல். கடல்நடு மலைத்தொடரில் ஆழ்நீருக்கு அடியில் நடப்பது அங்கே வெயிலில் நடந்தது.

அஃபாரின் வடபகுதியான தனகில் பள்ளம் கடல் மட்டத்தைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. செங்கடல் உள்ளே வராமல் தடுத்து நிற்பது இடையில் உள்ள மேட்டுநிலம்தான். முன்பு கடல் அதைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. வந்த கடல் வற்றி விட்டுப்போன உப்பைத்தான் அங்கே மக்கள் இன்றும் பாளம்பாளமாக வெட்டி ஒட்டகங்களில் ஏற்றுகிறார்கள்.