மதுரை–சென்னை: 418 கிலோமீட்டருக்கு ஏன் இவ்வளவு நேரம்?

திருமங்கலம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு 418 கி.மீ., பறக்கும் நேரம் அரை மணி என்று இணையத்தில் பார்த்தேன். டிக்கெட்டிலோ ஒரு மணி இருபது நிமிடம் என்றிருக்கிறது. எது சரி? காலை 9 மணி விமானத்தில் அம்மாவை அழைத்துச் சென்றால், கிண்டி மருத்துவமனையில் 12 மணிக்கு டாக்டரைப் பார்க்க முடியுமா?”

தொலைவு சரிதான்; நேரத்துக்கு டிக்கெட்டை நம்புங்கள். 418 கி.மீ. என்பது இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டி இழுத்த மிகக் குறுகிய கோடு. அதை ஜெட் விமானம் உச்ச உயரத்தில் பறக்கும் வேகமான 830 கி.மீ.யால் வகுத்தால் அரை மணி நேரம் வந்துவிடும். ஆனால் இதுபோன்ற குறுகிய தடங்களில் ஓடும் ஏடிஆர் விமானம் சுழலும் விசிறி இறக்கைகள் கொண்டது. அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ.தான். அந்த வேகத்தையும் அது மேலே ஏறி நிமிர்ந்த பிறகே எட்டும், இறங்கத் தொடங்கியதும் இழந்துவிடும். எதிர்காற்று 40 கி.மீ. வேகத்தில் வீசினால் மேலும் நான்கைந்து நிமிடம் கூடும்.

இன்னொன்று, டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டுமன்று. மலைப்பாதையில் லாரியை நிறுத்தினால் கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கும் விமானத்துக்கும் அப்படியே கட்டை வைப்பார்கள். மதுரையில் அந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து சென்னையில் மறுபடி வைக்கும் வரையிலான மொத்த நேரமே அட்டவணையில் இடம்பெறுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், காற்றுக்கு எதிராக எழும்பிய பின் சென்னைப் பக்கம் திரும்புவதும், அங்கே நெரிசலில் வரிசை கிடைக்கும்வரை வானத்தில் வட்டமிடுவதும் அதில் அடக்கம்.

இனி உங்கள் பயணம். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதால், 9 மணி விமானத்துக்கு ஏழரைக்காவது மதுரை விமான நிலையம் உள்ள பெருங்குடியில் இருக்க வேண்டும். கப்பலூரிலிருந்து சுற்றுச்சாலையைப் பிடித்தால் நகருக்குள் நுழையவே வேண்டாம். ஆறே முக்காலுக்குக் கிளம்புங்கள். சென்னையில் 10.20க்கு நின்றாலும், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால், அத்தகைய பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். பெட்டியும் வாங்கி வெளியே வரப் பதினொன்று ஆகிவிடும். கிண்டி பக்கம்தான் என்றாலும், அந்த வேளை ஜி.எஸ்.டி. சாலையில் அரை மணி நேரத்தை ஒதுக்கிவைப்பதே நல்லது. ஆக, மிச்சம் வெறும் அரை மணி. விமானம் சற்றே தாமதித்தாலும் அது கரைந்துவிடும் என்பதால், நானாக இருந்தால் டாக்டரிடம் 2 மணிக்கு நேரம் கேட்பேன்.

வைகை எக்ஸ்பிரஸில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டிலிருந்து கணக்கிட்டால் விமானத்துக்கே ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவுசெய்யுங்கள். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது வால் பக்கத்துக் கதவு வழியே. ஆகையால் பின்வரிசை இருக்கையைக் கேட்டு வாங்கினால் அவர் உள்ளே அதிகம் நடக்க வேண்டியிருக்காது.