வெங்காயத் தோலில் மைட்டோகாண்ட்ரியா ஏன் தெரியவில்லை?

புத்தகப் படத்தில் செல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு நுண்ணுறுப்புகள் இருக்க, வெங்காயத் தோலில் சுவரும் ஒரு புள்ளியும் மட்டும் தெரிகிறதே, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி ஆய்வக நுண்ணோக்கியும் அயோடினும்தான் உங்களிடம் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் தவறே இல்லை.

அந்தப் புள்ளிதான் உட்கரு. நடுவில் வெறுமையாகத் தெரிவது நுண்குமிழ். நீரும் கரைபொருள்களும் நிரம்பிய அது, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு சைட்டோபிளாசத்தை, அதாவது செல்லுக்குள் இருக்கும் கூழ் போன்ற பொருளை, சுவரோரம் மெல்லிய படலமாக ஒதுக்கிவிடுகிறது. வெங்காயம் மண்ணுக்குள் இருக்கும் பகுதி, அதனால் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் கிடையாது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் 0.5 முதல் 1 மைக்ரோமீட்டர். நிறமும் இல்லை, அயோடினும் அதைக் காட்டித்தராது. ஜேனஸ் கிரீன் பி என்ற சாயம் வேண்டும், அதுவும் உயிருள்ள செல்லில். புரதம் செய்யும் ரைபோசோம் 20–30 நானோமீட்டர்தான் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது 1000 நானோமீட்டர்). சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ் பிரித்துக் காட்டாது, எவ்வளவு பெரிதாக்கினாலும்.

செல் சவ்வு சுவரோடு ஒட்டியிருப்பதால் தனியாகத் தெரியாது. அதைப் பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஊதா நிற வெங்காயத்தின் ஒரு சதை மடலை எடுத்து, வெளிப்புற வளைவில் பிளேடால் சிறு சதுரம் கீறி, நிறமுள்ள மேல்தோலை மட்டும் இடுக்கியால் உரியுங்கள். அயோடின் வேண்டாம், அது செல்லைக் கொன்றுவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும். கறுத்த விளிம்புள்ள அந்த வட்டங்களைச் செல் என்று வரைந்துவிடுவோர் அதிகம். 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் உப்பு கலந்து, கவர்ஸ்லிப்பின் ஒரு பக்கம் ஒரு சொட்டு விட்டு, மறுபக்கம் மையொற்றுத் தாளால் உறிஞ்சுங்கள். உப்புநீர் செல்லிலிருந்து தண்ணீரை இழுப்பதால், சில நிமிடங்களில் ஊதாப் பகுதி மூலைகளிலிருந்து விலகிச் சுருங்கும். அந்த ஊதாவின் விளிம்பில்தான் செல் சவ்வு இருக்கிறது. உடனே நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி விரிந்து சுவரைத் தொடும். விரியவில்லையென்றால் அந்தச் செல் செத்துவிட்டது: உப்பு கூடியிருக்கலாம், உரிக்கும்போது கிழிந்திருக்கலாம்.

கேட்டதற்கு வெளியே ஒன்று; ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். ரெக்கார்டு நோட்டில் கண்ணால் பார்க்காத கோல்கை உடலம் என்ற நுண்ணுறுப்பையும் வரையச் சொல்லி, வரையாவிட்டால் மதிப்பெண் குறைப்பது அநியாயம். பார்த்ததை வரைவதுதான் செய்முறை. வகுப்பில் படிக்கும் முழுப்படம் எலக்ட்ரான் நுண்ணோக்கி தந்தது, அது வேறு பக்கத்தில் இருக்கட்டும்.

பசுங்கணிகம் பார்க்க ஆசையென்றால் மீன்தொட்டியில் விடும் ஹைட்ரில்லாவின் இளம் இலை ஒன்றைச் சாயமில்லாமல் வையுங்கள். இலை இரண்டு செல் தடிமன்தான், அறுக்கவே வேண்டாம். விளக்கடியில் சற்று நேரம் வைத்துவிட்டு 40 மடங்கு லென்ஸில் நடுநரம்பை ஒட்டிய செல்களைப் பாருங்கள்: பச்சை மணிகள் சுவரோரமாக வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும். அவற்றை இழுத்துப் போவது, வெங்காயத்தில் கண்ணுக்கே படாத அதே சைட்டோபிளாசம்.